அடல்ஃபேனும் சர்ப்பகந்தாவும்

“மூலிகைதானே சார், அதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?”

காலை நடையில், வங்கி வரிசையில், கல்யாணப் பந்தியில் என்று என் வயதுக்காரர்கள் கூடும் எல்லா இடத்திலும் இந்த வாசகம் காதில் விழுகிறது. இதற்கு நேர் எதிரான வாசகமும் அதே பந்தியில் கிடைக்கும். “நாட்டு மருந்தா? எல்லாம் வெறும் நம்பிக்கை சார், சயன்ஸ் ஒத்துக்கொள்ளாது.” இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு வேரின் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு ‘அடல்ஃபேன்’ என்ற மாத்திரை ஞாபகம் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிளட் பிரஷர் என்றால் அடல்ஃபேன், அடல்ஃபேன் என்றால் பிளட் பிரஷர். எங்கள் ஆபீசில் சூப்பிரண்டெண்ட் மேஜை டிராயரைத் திறந்தால் குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த அட்டை இருக்கும். தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் பாவம், மனுஷர் ஒன்றுக்கு இரண்டாக விழுங்குவார். இதோடு சிறுநீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்தது ‘அடல்ஃபேன் எசிட்ரெக்ஸ்’. பொன்மலையில் ரயில்வே குடியிருப்புகளில் இந்தப் பெயர் தெரியாத வீடு குறைவு.

அந்த மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று டைஹைட்ரலசின், 10 மில்லிகிராம். மற்றது ரிசர்பின், 0.1 மில்லிகிராம். இங்கிலீஷ் மருந்து என்றுதான் எல்லோரும் விழுங்கினோம். ஆனால் அந்த ரிசர்பின் பிறந்தது நம் நாட்டு வேரில். அந்த வேரின் பெயர் சர்ப்பகந்தா.

பெயர்களின் பயணம்

சர்ப்பகந்தா அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. முழங்கால் உயரத்துக்கு வளரும் சிறு செடி. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். இமயமலை அடிவாரத்திலும், கிழக்கு இந்தியக் காடுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலும் மர நிழலில் வளர்வது. மருந்தாகப் பயன்படுவது வேர். வடக்கே அதைச் ‘சோட்டா சாந்த்’ என்பார்கள். பீகார்க் கடைத்தெருக்களில் அதற்கு இன்னும் வெளிப்படையான பெயர் இருந்தது: ‘பாகல் கி தவா’, பைத்திய மருந்து. வெறி பிடித்துக் கத்துகிறவர்களை அடக்கவும், தூக்கமில்லாதவர்களைத் தூங்க வைக்கவும் இந்த வேரைப் பொடித்துக் கொடுத்தார்கள்.

தமிழில் இதற்குச் ‘சிவன் அமல்பொடி’ என்று ஒரு பெயரை மூலிகைப் புத்தகங்களில் பார்க்கலாம். யார் இந்தச் சிவன், எது இந்தப் பொடி என்று நான் வெகுநாள் குழம்பியிருக்கிறேன். கொச்சியில் டச்சுக்காரர்களின் கவர்னராக இருந்த வான் ரீட், மலையாள வைத்தியர்களை வைத்துக்கொண்டு ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்ற 12 தொகுதி மூலிகை நூலைத் தயாரித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதன் ஆறாம் தொகுதியில் இந்தச் செடி ‘சோவன்ன அமல்பொடி’ என்ற பெயரில் இருக்கிறது. மலையாளத்தில் ‘சுவன்ன அவில்பொரி’ என்றால் சிவப்பு அவல்பொரி. டச்சுக்காரர் காதில் விழுந்தபடி லத்தீன் எழுத்தில் எழுதிய பெயரை, பிற்காலத்தில் யாரோ திரும்பத் தமிழாக்கியபோது சிவப்பு போய்ச் சிவன் வந்துவிட்டார் என்பது என் ஊகம். ஆபீசில் பெயர் மாறிப் போன பென்ஷன் புத்தகங்களைப் பார்த்தவனுக்கு இது ஆச்சரியமில்லை.

தாவரவியல் பெயரில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வருகிறார். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் கரீபியத் தீவுகளுக்கு மூன்று முறை அனுப்பப்பட்ட துறவி ஷார்ல் ப்ளூமியே. அங்கே பார்த்த ஒரு செடி வகைக்கு 1703-ல் ‘ரவுல்ஃபியா’ என்று பெயர் வைத்தார். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து வைத்தியர் லெயோன்ஹார்ட் ரவுல்ஃப் என்பவருக்கு மரியாதை. அந்த வைத்தியர் 1596-லேயே காலமாகிவிட்டவர். சிரியா, ஈராக் பக்கம் பயணம் செய்தவர், இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பிற்பாடு நம்முடைய சர்ப்பகந்தாவையும் அதே இனத்தில் சேர்த்து ‘ரவுல்ஃபியா செர்பென்டினா’ என்றார்கள். ப்ளூமியேவுக்கும் மரியாதை கிடைத்தது. நம் கோயில்களில் நிற்கும் ஈழத்தலரி மரத்தின் தாவரவியல் பெயர் ‘ப்ளூமேரியா’. அதுவும் அரளிக் குடும்பம்தான்.

கல்கத்தாவிலும் டில்லியிலும்

பாட்டி வைத்தியமாக இருந்த வேர் பரிசோதனைக்கூடத்துக்கு வந்த வருஷம் 1931. கல்கத்தாவில் கவிராஜ் கணநாத் சென் என்பவர் ஆயுர்வேதம், மேல்நாட்டு மருத்துவம் இரண்டும் கற்றவர். அவரும் கார்த்திக் சந்திர போஸும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பைத்தியத்துக்கும் உயர்ந்த ரத்த அழுத்தத்துக்கும் இது ஒரு புதிய இந்திய மருந்து என்பது கட்டுரையின் சாரம். வேர்ப்பொடி கொடுத்தால் நோயாளி அமைதியாகிறார், கூடவே ரத்த அழுத்தமும் இறங்குகிறது என்று எழுதினார்கள். ரத்த அழுத்தத்தைக் குறைக்க உருப்படியாக ஒரு மாத்திரை உலகத்தில் எங்குமே இல்லாத காலம் அது.

அதே சமயத்தில் டில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற ரசாயன விஞ்ஞானி அந்த வேரிலிருந்து சத்துகளைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்கு ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். அந்தக் கல்லூரியை உருவாக்கியவரும், 1921-ல் காங்கிரஸ் மகாசபைத் தலைவராக இருந்தவருமான ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக வைத்த பெயர். யுனானி ஹக்கீமின் பெயர் கொண்ட அந்த மருந்தை, இருதயத் துடிப்பில் உள்ள ஒரு பரம்பரைக் கோளாறைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் இன்றும் ஊசியாகப் போடுகிறார்கள்.

1933-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவின் குழு விலங்குகளில் சோதித்து, ரத்த அழுத்தம் இறங்குவதை உறுதி செய்தது. 1934-ல் ஹிமாலயா கம்பெனி இந்த வேரிலிருந்து ‘செர்பினா’ என்ற மாத்திரையைக் கொண்டுவந்தது. பர்மாவில் முரட்டு யானைகளை அடக்க இந்த வேரைக் கொடுப்பதைப் பார்த்துத்தான் அதன் நிறுவனருக்கு யோசனை தோன்றியது என்பது கம்பெனி சொல்லும் கதை.

இருந்தும் வெளி உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுரைகள் எல்லாம் இந்தியப் பத்திரிகைகளில் வந்தவை. சுதந்திரம் வரும்வரை நம் கட்டுரைகளைப் படிக்க வெளியில் ஆளில்லை.

பம்பாயிலிருந்து ஐரோப்பாவுக்கு

திருப்பம் 1949-ல் வந்தது. பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் என்ற பார்சி இருதய நிபுணர், ரத்த அழுத்த நோயாளிகள் 50 பேருக்கு இந்த வேரைக் கொடுத்துப் பார்த்த விவரத்தை ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ என்ற லண்டன் பத்திரிகையில் வெளியிட்டார். இப்போது படித்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ராபர்ட் வில்கின்ஸ் வேரை வரவழைத்து முயன்றார். ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில், நாங்கள் பள்ளிக்கூடத்தில் ‘பால்’ என்று படித்த ஊர், சீபா கம்பெனியின் விஞ்ஞானிகள் முல்லர், ஷ்லிட்லர், பெய்ன் ஆகிய மூவரும் 1952-ல் வேரின் முக்கியமான சத்தைத் தனியாகப் பிரித்தார்கள். அதுதான் ரிசர்பின். அந்த சீபாவின் மாத்திரைதான் பிற்பாடு எங்கள் சூப்பிரண்டெண்ட் டிராயருக்கு வந்த அடல்ஃபேன்.

1956-ல் அமெரிக்காவின் ராபர்ட் உட்வர்ட் ரிசர்பினைச் செடி இல்லாமலே ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். இந்த மாதிரிக் கடினமான இயற்கைப் பொருள்களைச் செயற்கையாக உருவாக்கியதற்காக அவருக்கு 1965-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்குள் நியூயார்க் மாநிலத்தில் நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் ரிசர்பினைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்து 1954-ல் முடிவுகளை வெளியிட்டிருந்தார். அதே ஆண்டுகளில் பிரான்ஸிலும் இன்னொரு மருந்து வந்தது. ராணுவ சர்ஜன் ஆன்ரி லபோரி கவனித்து, பாரிஸ் சேன்ட் ஆன் ஆஸ்பத்திரியில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் இருவரும் 1952-ல் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ‘லார்காக்டில்’. இந்த இரண்டு மருந்துகளும் வந்த பிறகுதான் சங்கிலியும் பூட்டிய அறையும் இல்லாமல் மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை மருத்துவ உலகத்துக்கு வந்தது.

1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதை இந்தத் துறைக்குக் கொடுத்தபோது ஒரே வரிசையில் நின்ற பெயர்களைப் பாருங்கள்: பம்பாய் வக்கீல், நியூயார்க் கிளைன், பிரான்ஸின் லபோரி, டெனிக்கர், இன்னும் இருவர். பீகார்க் கடைத்தெருப் பைத்திய மருந்து பாரிஸ் மருந்தோடு சரிசமமாக மேடை ஏறியது. நாட்டு மருந்தை சயன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்கிற நண்பருக்கு இந்தப் பாதிக் கதை.

மறுபாதி

இனி, மூலிகையில் கெடுதலே கிடையாது என்கிற நண்பருக்கு.

வக்கீல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் எழுதியதன் பலன், மருந்து பரவியது மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான நோயாளிகளை டாக்டர்கள் குறிப்பெடுத்துக்கொண்டே கவனித்தார்கள். கவனித்ததும் மூக்கடைப்பு, தூக்கக் கலக்கம், வயிற்றில் அமிலம் கூடுவது, பேதி, நாடித் துடிப்பு மந்தமாவது என்று பட்டியல் நீண்டது. அவற்றைவிட மோசமான ஒன்றும் தெரிய வந்தது. 1954-ல் எட்வர்ட் ஃப்ரீஸ் என்ற அமெரிக்க டாக்டர், அதிக அளவில் நீண்ட நாள் ரிசர்பின் சாப்பிட்ட ரத்த அழுத்த நோயாளிகள் சிலர் மனச்சோர்வில் விழுவதை எழுதினார். நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் காரணமில்லாமல் அழுதார்கள், சாப்பிட மறுத்தார்கள். மற்ற டாக்டர்களும் இதே மாதிரி எழுதினார்கள். தற்கொலைகளும் பேசப்பட்டன.

ஏன் இப்படி? நம் நரம்பு முனைகளில் செரட்டோனின், டோபமின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் சின்னச் சின்னப் பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வேண்டியபோது வெளியே வந்து செய்தி சொல்வது அவற்றின் வேலை. ரிசர்பின் அந்தப் பைகளில் சரக்கு சேரவிடாமல் செய்கிறது. கிடங்கு காலி. ரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புகளில் சரக்குத் தீர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. மூளையில் தீர்ந்தால் வெறி அடங்குகிறது. அளவு மீறித் தீர்ந்தால் மனமும் உடம்பும் முடங்கிப் போகின்றன. நன்மையும் கெடுதலும் ஒரே கிடங்கிலிருந்து வருபவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை முழுக்க நீக்க வழியில்லை, அளவைக் குறைக்கத்தான் முடியும்.

1957-ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் என்பவர் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். முயல்கள் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து ஓடின. டோபமின் என்ற ரசாயனம் நம் அசைவுகளுக்கு எவ்வளவு அவசியம் என்பது அப்போதுதான் புரிந்தது. நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மருந்து வந்ததற்கு அதுவே வழி. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு. இதே டோபா நம் பூனைக்காலி விதையில் இருப்பதை 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதியிருந்தார்கள். ஒரு நாட்டு வேர் முயலை உட்கார வைத்தது, இன்னொரு நாட்டு விதையில் உள்ள பொருள் எழுப்பிவிட்டது!

ஃப்ரீஸ் செய்த காரியம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் மேலே சொன்ன ஃப்ரீஸ்தான். ரிசர்பின் மனச்சோர்வு தருகிறது என்று எழுதிய அவர், அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அளவைக் குறைத்தார். அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில், ரத்த அழுத்தத்தின் கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குக் குறைந்த அளவு ரிசர்பினும் வேறு இரண்டு மருந்துகளும். மற்றப் பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. முடிவுகள் 1967-ல் வந்தன. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள், இன்னும் பலருக்குப் பக்கவாதம் முதலான கடும் பாதிப்புகள். மருந்து சாப்பிட்டவர்களில் ஒரு மரணமும் இல்லை.

ரத்த அழுத்தத்தை மாத்திரையால் குறைத்தால் உயிர் தப்பும் என்பதை உலகத்துக்கு முதன்முதலில் எண்ணிக்கையோடு நிரூபித்த சோதனை இது. அதுவரை, ‘வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும், விட்டுவிடுங்கள்’ என்று சொன்ன பெரிய டாக்டர்கள் உண்டு. இன்று நீங்களும் நானும் காலையில் ஒரு பிரஷர் மாத்திரை போட்டுக்கொள்வதற்கு அடிப்படையான சாட்சியத்தில் நம் சர்ப்பகந்தாவின் பங்கும் இருக்கிறது.

1974 செப்டம்பரில் இன்னொரு இடி. ரிசர்பின் சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று ‘லான்செட்’ பத்திரிகையில் ஒரே சமயத்தில் மூன்று கட்டுரைகள் வந்தன. பாஸ்டன், பிரிஸ்டல், ஹெல்சிங்கி என்று மூன்று ஊர்க் கணக்குகள். மருந்தின் பெயர் கெட்டது. பிறகு செய்த கவனமான ஆய்வுகள் அந்தக் குற்றச்சாட்டைத் தாங்கவில்லை, ஒப்பிட்ட முறையில் கோளாறு இருந்தது தெரிந்தது. ஆனால் புகார் முதல் பக்கத்தில் வரும், தள்ளுபடி கடைசிப் பக்கத்தில் வரும். இதற்குள் புதுப்புது மாத்திரைகள் வந்துவிட்டன. ரிசர்பின் மெல்ல ஓய்வு பெற்றது. 2009-ல் காக்ரேன் அமைப்பு பழைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பது உண்மை என்றது. பக்க விளைவுகளைப் பற்றி முடிவு சொல்லப் போதுமான விவரம் அந்தச் சோதனைகளில் பதிவாகவில்லை என்றும் சேர்த்தே சொன்னது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் 2012 பட்டியலில், வயதானவர்களுக்கு நாளைக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் ரிசர்பின் வேண்டாம் என்று இருக்கிறது.

ஒரு குமாஸ்தாக் கணக்கு

இந்த 0.1 மில்லிகிராம் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வேர்ப்பொடிக்கு வருவோம்.

மருந்துக்கு உதவும் நல்ல சர்ப்பகந்தா வேரில் ரிசர்பினும் அதன் நெருங்கிய சொந்தங்களும் சேர்ந்து குறைந்தபட்சம் நூற்றுக்கு 0.15 பங்கு இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து நூல் விதி வைத்திருந்தது. ஒரு கிராம் பொடியில் அது ஒன்றரை மில்லிகிராம். முதியவருக்குச் சொன்ன உச்ச அளவைப் போலப் பதினைந்து மடங்கு. ஒரு டீஸ்பூனில் அள்ளினால் ஒரு கிராமில் நிற்காது, இரண்டு மூன்று கிராம் வந்துவிடும். பெருக்கிப் பாருங்கள்.

இது நல்ல வேருக்கான கணக்கு. எந்த மண், எந்தப் பருவத்தில் தோண்டியது, வேர்ப்பட்டை எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பொறுத்துச் சத்து கூடும், குறையும். மாத்திரைக்கு மேல் எடை அச்சடித்திருக்கிறது. பொட்டலத்துக்கு மேல் என்ன இருக்கிறது?

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் பக்கத்தில் வேலியோரங்களில் ‘பாம்புக்கலா’ என்று ஒரு செடி வளர்கிறது. கொத்தாகச் சின்னப் பழம், பழுத்தால் கறுக்கும். ப்ளூமியே பார்த்த அமெரிக்க ரவுல்ஃபியா கடல் தாண்டி வந்து நம் ஊரில் குடியேறியது இதுதான். இதன் வேரைச் சர்ப்பகந்தா என்று விற்பது மருந்துச் சரக்குக் கடைத்தெருவில் தெரிந்த கலப்படம். இதிலும் ரிசர்பின் உண்டு, ஆனால் மற்றச் சத்துகளின் விகிதம் வேறு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில், ராபினாட் என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியாரின் பெயரில் 1967-ல் தொடங்கிய தாவர சேகரம் ஒன்று இருக்கிறது. அங்கே மாத்யூ பாதிரியார் தமிழ்நாட்டுச் செடிகளை ஒவ்வொன்றாக உலர்த்தி ஒட்டிப் பெயர் எழுதி வைத்தது இந்த மாதிரிக் குழப்பங்களைத் தீர்க்கத்தான். ஆனால் பொட்டலம் கட்டுகிறவர் செடியைக் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போவதில்லை.

கலப்படம் ஏன் வருகிறது என்பதற்கும் வரலாறு உண்டு. 1950-களில் உலகமே இந்த வேரைக் கேட்டபோது நம் காடுகளில் தோண்டித் தள்ளினார்கள். இலையைப் பறித்தால் செடி பிழைக்கும், வேரைப் பிடுங்கினால் அதோடு சரி. ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1990 முதல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிக ஒப்பந்தத்தில் இந்தச் செடியும் இடம்பெற்றிருக்கிறது. அசல் சரக்கு அரிதானால் போலி பெருகும்.

எங்கள் தெருவில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு நண்பர், ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர், சீட்டாட்டத்தில் சிரித்துக்கொண்டே எல்லோரையும் தோற்கடிப்பவர், திடீரென்று வெளியே வருவதை நிறுத்திவிட்டார். போய்ப் பார்த்தால் சாய்வு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “என்னண்ணே?” என்றால், “ஒண்ணுமில்லப்பா” என்று சொல்லவே அரை நிமிஷம் எடுத்துக்கொண்டார். மூக்கு அடைத்த குரல். வயசாச்சு, அண்ணி போன துக்கமும் இருக்கு என்று பிள்ளைகள் நினைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஒரு நாள் எழுந்தவர் தலை சுற்றி விழுந்தார். டாக்டர் நாடியைப் பார்த்தபோது ஐம்பதுக்கும் கீழே. ஏற்கனவே அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். “வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா?” என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். இல்லை என்றார்கள். மூன்றாம் முறை கேட்டபோதுதான் மருமகள் வீட்டுக்குப் போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். சந்தையில் ஒருவரிடம் வாங்கிய பிரஷர் பொடி. சர்ப்பகந்தா வேர் என்று சொல்லி விற்றிருக்கிறார். மூன்று மாதமாகத் தினமும் ராத்திரி வெந்நீரில் ஒரு ஸ்பூன். “மூலிகைதானே, மருந்தில் சேர்த்தி இல்லை என்று நினைத்தோம்” என்றாள் அந்தப் பெண். பொய் சொல்லவில்லை, அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

பொடியை நிறுத்தியதும் மறுநாளே சரியாகிவிடவில்லை. ரிசர்பினின் குணம் அது. முழு வேகம் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், நிறுத்திய பிறகும் போக வாரக் கணக்கு ஆகும். காலியான கிடங்கு நிரம்ப வேண்டுமல்லவா? ஒன்றரை மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சீட்டுக் கட்டோடு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கும் எங்களை ஜெயித்துவிட்டுத்தான் போனார்.

முதுமை, துக்கம், மருந்து என்று மூன்றும் ஒரே முகத்தோடு வரக்கூடியவை. நம் வயதில் ஒருவர் ஒடுங்கிப் போனால் முதல் இரண்டைத்தான் வீட்டார் நினைப்பார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நம் வயதுக்காரர்கள் கவனத்துக்கு

நான் டாக்டர் இல்லை, படித்ததையும் பார்த்ததையும் சொல்கிறேன்.

சர்ப்பகந்தா பொய் மருந்து அல்ல. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற ஆயுர்வேத, சித்த மருத்துவர் அளவு சொல்லி, நாடி பார்த்து, நாள் குறித்துக் கொடுத்தால் அது வேறு விஷயம். நாமாக ஸ்பூனில் அள்ளுவது கூடாது.

பிரஷர் மாத்திரை, இருதய மாத்திரை, மனநல மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைச் சேர்த்துச் சாப்பிட்டால் அபாயம் கூடும். மனச்சோர்வு, வயிற்றுப்புண், நடுக்குவாதம், வலிப்பு உள்ளவர்களும், வீட்டில் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தொடவே கூடாது. பெயரில் சர்ப்பம் இருக்கிறதே என்று பாம்புக்கடிக்கு இந்த வேரை நம்பி நேரத்தைக் கழிக்கக் கூடாது. அதற்கு ஆஸ்பத்திரி விஷமுறிவு ஊசி ஒன்றுதான் வழி. இதே போல், மூலிகை கிடைத்துவிட்டது என்று டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.

எல்லாவற்றிலும் சுலபமான காரியம் ஒன்று உண்டு. டாக்டரிடம் போகும்போது வீட்டில் உள்ள மாத்திரை, சூரணம், லேகியம், பொடி எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் தெரியாத பொட்டலத்தை முதலில் எடுத்து வையுங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கெடுதல் செய்யாத மூலிகை என்று ஒன்றை யாராவது காட்டினால், அது நன்மையாவது செய்கிறதா, இதுவரை யாராவது குறிப்பெடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சர்ப்பகந்தாவின் கெடுதல்கள் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்குக் காரணம், கணநாத் சென்னும் வக்கீலும் ஃப்ரீஸும் அதை ஒரு நிஜ மருந்தாக மதித்து எண்ணிப் பார்த்ததுதான். அந்த மரியாதையை நம் வீட்டு அலமாரியில் உள்ள ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நாம் கொடுக்கலாம்.

அடல்ஃபேன் காலத்து ஞாபகங்கள் உள்ளவர்கள் எழுதுங்கள். பூனைக்காலியைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத விஷயம் இருக்கிறது. உடம்பு ஒத்துழைத்தால் அடுத்த மாதம் பார்ப்போம்.